டாங்கியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது எப்படி? டாங்க் டிரான்ஸ்போர்ட்டர் குறித்து ஒரு முழுமையான வழிகாட்டி

அறுபது டன் டாங்கி தன் சொந்த எஞ்சினில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் போகும். பிறகு எதற்கு அதை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றிச் சுமக்க வேண்டும்? ராணுவ அணிவகுப்பில் டிரான்ஸ்போர்ட்டரைப் பார்க்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நல்ல கேள்வி.

அமெரிக்காவின் எம்1 ஆப்ரம்ஸ் டாங்கியில் சுமார் 1,900 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அதை வைத்து நல்ல சாலையில் 425 கிலோமீட்டர் ஓடலாம். அதாவது கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர். அதோடு போனால் பரவாயில்லை. ஓட ஓட ட்ராக்கின் ரப்பர் கட்டைகள் தேயும், கட்டைகளை இணைக்கும் பின்கள் தளரும், கியர்பாக்ஸ் சூடேறும், தார்ச்சாலை பெயரும். உள்ளே இருக்கும் நான்கு பேரும் சண்டை தொடங்கும் முன்பே களைத்துப்போவார்கள். 1973 அக்டோபர் போரில் டிரான்ஸ்போர்ட்டர்கள் போதாததால் இஸ்ரேலின் பல டாங்கிகள் சினாய் முனைவரை ட்ராக்கிலேயே ஓடிப்போயின. வழியில் பழுதாகி நின்றவை ஏராளம். களத்தில் ஒரு குண்டுகூடச் சுடாமலே அவை கணக்கிலிருந்து கழிந்தன.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கட்டுமான எந்திரங்களை லோபெட் என்னும் தாழ்வான தள ட்ரெய்லரில் ஏற்றி இறக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். இருபது டன் பொக்லைனுக்கு நாங்கள் பார்க்கும் விஷயங்களைத்தான் அறுபது டன் டாங்கிக்கு அவர்களும் பார்க்கிறார்கள். பிசகினால் ஆகும் சேதம்தான் பல மடங்கு. அந்தப் பழக்கத்தில், ஒரு டாங்கி தரையிலிருந்து ட்ரெய்லருக்கு ஏறி, ஊர் போய்ச் சேர்ந்து, மறுபடி தரையைத் தொடும்வரை நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முக்கிய உதாரணமாக அமெரிக்க ராணுவத்தின் எம்1070 புல்லரையும் (இழுக்கும் லாரி) எம்1000 ட்ரெய்லரையும் எடுத்துக்கொள்கிறேன். நடுநடுவே மற்ற நாட்டு வண்டிகளும் வரும்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் பட்டைச் சக்கர எந்திரத்தைச் 'செயின் வண்டி' என்போம். இங்கே கட்டும் சங்கிலியும் அடிக்கடி வருவதால், டாங்கியின் கீழே ஓடுவதை 'ட்ராக்' என்றும், கட்டுவதைச் 'சங்கிலி' என்றும் எழுதுகிறேன்.

படி 1: எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வேலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: பாரம் எங்கே போய் உட்காருகிறது? அதற்குப் பதில் சொல்ல முதலில் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எடையை அப்படியே நம்பக் கூடாது.

ஆவடியில் வடிவமைத்து ஆவடியிலேயே தயாரிக்கும் அர்ஜுனையே பாருங்கள். முதல் மாடல் 58.5 டன். மேம்படுத்திய மார்க் 1ஏ 68 டன். பெயர் ஒன்று, பாரத்தில் கிட்டத்தட்ட பத்து டன் வித்தியாசம். அதே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்த டி-72 நாற்பது டன்னைச் சற்றே தாண்டும், டி-90 46.5 டன். ஐம்பது டன் ட்ரெய்லர் டி-90-ஐச் சுமந்துவிடும். அதே ட்ரெய்லரில் அர்ஜுனை ஏற்ற நினைப்பதே தப்பு.

இதற்கு மேல், டாங்கி எந்த நிலையில் வருகிறது என்று கேளுங்கள். முழு டேங்க் எரிபொருள் என்றால் ஒன்றரை டன். உள்ளே நாற்பது குண்டுகள் இருந்தால் ஏறக்குறைய இன்னொரு டன். முன்னால் கண்ணிவெடி அகற்றும் கலப்பை மாட்டியிருந்தால் எடை கூடுவதோடு பாரத்தின் மையமும் முன்னுக்கு நகர்ந்துவிடும்.

'டன்' என்ற சொல்லிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்கக் கையேட்டில் வரும் டன் 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. நம்முடையது 1,000. எம்1000 ட்ரெய்லர் 70 டன் தாங்கும் என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 63.5 டன்தான். ஆறரை டன்னைச் சும்மா விட்டுவிட முடியாது.

அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்ரம்ஸ் 3.66 மீட்டர், அர்ஜுன் 3.86 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். எந்த வழியில் போனாலும் பக்கத்துத் தடத்தில் கொஞ்சம் ஏறித்தான் போக வேண்டும்.

படி 2: இழுக்கும் வண்டியும் சுமக்கும் வண்டியும்

எம்1070 புல்லருக்கு நான்கு ஆக்சில்கள், எட்டு டயர்கள், எட்டுக்கும் இழுவை உண்டு. எடை பத்தொன்பது டன்னுக்குப் பக்கம். எம்1000 ட்ரெய்லர் சுமார் 23 டன். ஐந்து வரிசை ஆக்சில், வரிசைக்கு எட்டாக நாற்பது டயர்கள். மேலே 63.5 டன் டாங்கி. எல்லாம் சேர்த்தால் 105 டன் வருகிறது. இதை ஒன்பது ஆக்சில்களால் வகுத்தால் ஆக்சிலுக்குப் பதினொன்றே முக்கால் டன். நான்கு டயர் உள்ள ஓர் ஆக்சிலுக்கு 2018-க்குப் பிறகு நம் நாட்டில் அனுமதிக்கும் எடை 11.5 டன். அத்தனை பெரிய டாங்கியை, சாதாரண லாரியின் ஆக்சில் சுமக்கும் அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மொத்த எடையைக் குறைக்க வழியில்லை. பிரித்துக் கொடுக்க வழியிருக்கிறது. டிரான்ஸ்போர்ட்டர் வடிவமைப்பின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

ஒன்பது ஆக்சிலும் சமமாகச் சுமந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். சாலையில் ஒரு மேடு வந்தால் அதன்மேல் ஏறிய ஆக்சில் மற்றவற்றின் பாரத்தையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் எம்1000-இல் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். ஒரு ஆக்சில் மேலே எழும்பினால் எண்ணெய் மற்றவற்றுக்கு ஓடி அழுத்தத்தைச் சமன் செய்யும். ஆக்சில்கள் தாமாகவே திரும்பவும் செய்யும். நீண்ட ட்ரெய்லர் வளைவில் போகும்போது திரும்பாத ஆக்சிலின் டயர் தரையில் தேய்ந்து எரியும் வாடையை முகர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எஞ்சின் விஷயத்தில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. இவ்வளவு பெரிய லாரி எஞ்சின் சந்தையில் கிடைக்காத காலத்தில், டாங்கியையும் விமானத்தையும் ஓட்டிய எஞ்சின்களின் உறவுகளையே லாரிக்குள் வைத்தார்கள். 1950-களில் வந்த பிரிட்டனின் தார்னிகிராஃப்ட் ஆன்டார், முதலில் எண்ணெய்க் குழாய்களைப் பாலைவனத்தில் சுமக்க உருவான லாரி. அதில் இருந்த ரோவர் மீட்டியரைட் எட்டு சிலிண்டர் எஞ்சின், மீட்டியர் என்ற பன்னிரண்டு சிலிண்டர் டாங்கி எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வடித்தது. அந்த மீட்டியரோ, ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லினிலிருந்து பிறந்தது. சோவியத் மாஸ்-537 லாரியின் 525 குதிரைசக்தி டீசல், டி-34 டாங்கியின் வி-2 எஞ்சின் வம்சம். ஆன்டாருக்குப் பின் வந்த ஸ்கேமல் கமாண்டரில் 625 குதிரைசக்தி தந்த ரோல்ஸ்ராய்ஸ் சிவி12. அந்தக் குடும்பத்தின் வலுக்கூட்டிய வடிவம்தான் அது சுமந்த சேலஞ்சர் டாங்கியின் எஞ்சின். மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் ஒரே இதயம்.

எம்1070-இல் 500 குதிரைசக்தி டெட்ராய்ட் டீசல் இருந்தது. பின்னால் வந்த ஏ1 வடிவத்தில் கேட்டர்பில்லர் சி18, 700 குதிரைசக்தி. முதல் வண்டிக்கு டன்னுக்கு ஐந்து குதிரைசக்திகூட வராது என்பதைக் கவனியுங்கள். வேகம் இதன் வேலை இல்லை. ஏற்றத்தில் நின்று, மறுபடி பின்னால் சரியாமல் கிளம்புவதுதான் வேலை. அதனால்தான் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர். 105 டன்னை ஏற்றத்தில் சாதாரண கிளட்ச்சை வைத்துக் கிளப்பினால் நாலு தடவையில் பிளேட் கருகிவிடும்.

தவறான ஜோடி அமைந்தால் என்னாகும் என்பதற்கு எம்1070-க்கு முந்தைய வண்டியே சாட்சி. எம்911 புல்லரும் எம்747 ட்ரெய்லரும் ஆப்ரம்ஸுக்கு முந்தைய எம்60 டாங்கியின் காலத்துக்கு அளந்து செய்தவை. ஆப்ரம்ஸ் கனமாகிக்கொண்டே போனபோது அவற்றின் அளவு மீறியது. டயர்களும் ஆக்சில்களும் அடிவாங்கின. 1990-91 வளைகுடாப் போரில் படைகளைச் சவூதியின் வடக்கே எண்ணெய்க் குழாயை ஒட்டி ஓடும் டாப்லைன் சாலை வழியே மேற்கே நகர்த்த வேண்டி வந்தது. அமெரிக்காவிடம் போதுமான வண்டிகளே இல்லை. தளவாடப் பொறுப்பில் இருந்த ஜெனரல் வில்லியம் பகோனிஸின் ஆட்கள் எகிப்து, சவூதி, ஜெர்மனி என்று கிடைத்த இடத்திலெல்லாம் டிரான்ஸ்போர்ட்டர்களை இரவல் வாங்கி ஓட்டினார்கள்.

படி 3: வழியை முன்கூட்டியே ஓடிப் பாருங்கள்

வரைபடத்தில் பார்ப்பது போதாது. ஒருவர் ஜீப்பில் போய் முழு வழியையும் பார்த்து வர வேண்டும். உயரக் கம்பங்கள், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, ரயில்வே கேட்டின் மேடு, பேருந்து நிலைய வளைவு எல்லாமே தடைதான். ரயில்வே கேட் மேட்டைத் தனியாகச் சொல்லக் காரணம், நீண்ட தாழ்வான ட்ரெய்லரின் வயிறு அங்கேதான் தட்டி உட்காரும். தண்டவாளத்தின் குறுக்கே உட்கார்ந்துவிட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாலம்தான் பெரிய விஷயம். பலருக்குத் தெரியாத ஒன்று: நம் நாட்டு நெடுஞ்சாலைப் பாலங்களைக் கட்டும்போதே பொறியாளர்கள் காகிதத்தில் ஒரு டாங்கியை அதன்மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி:6 விதியில் 'கிளாஸ் 70ஆர்' என்று ஒரு பாரம் உண்டு. அதில் வரும் ட்ராக் வண்டிக்கு 70 டன் எடை, ட்ராக்கின் நீளம் 4.57 மீட்டர், அகலம் 84 சென்டிமீட்டர். பெயர் இல்லாத ஒரு டாங்கியின் அளவுகள்தானே அவை! நாம் தினமும் கடக்கும் பாலத்தின் கணக்கில் அது உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் டாங்கி தனியாகப் போவது வேறு, டிரான்ஸ்போர்ட்டரில் போவது வேறு. டாங்கி தன் பாரம் முழுவதையும் நாலரை மீட்டருக்குள் இறக்குகிறது. டிரான்ஸ்போர்ட்டர் அதே பாரத்தோடு தன் எடையையும் சேர்த்து இருபது மீட்டருக்கு மேல் பரப்புகிறது. சின்னப் பாலத்தில் மொத்த வண்டியும் ஒரே நேரத்தில் ஏறாது என்பதால் டிரான்ஸ்போர்ட்டர் பாலத்துக்கு இதமாக இருக்கலாம். தூணுக்குத் தூண் இடைவெளி நீண்ட பாலத்தில் 105 டன்னும் ஒன்றாக ஏறிவிடும். அங்கே டாங்கியை இறக்கித் தனித்தனியாகக் கடத்துவதே புத்திசாலித்தனம். நேட்டோ நாடுகள் இதனால்தான் பாலம் தாங்கும் அளவைக் காட்ட ட்ராக் வண்டிக்கும் சக்கர வண்டிக்கும் தனித்தனி எண் கொடுக்கின்றன. மேற்கு ஜெர்மனியில் பனிப்போர்க் காலத்தில் பாலத்துக்குப் பாலம் மஞ்சள் வட்டப் பலகைகளில் அந்த எண்களை எழுதி வைத்தார்கள்.

பாலத்தில் ஏறினால் நடுவில், ஊர்ந்து, நிற்காமல், கியர் மாற்றாமல், பிரேக் அடிக்காமல் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே வண்டி.

படி 4: ஏற்றும் இடம்

கெட்டியான, சமமான தரை. அவ்வளவுதான் விதி. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் டாங்கி நின்ற இடத்தில் டிரான்ஸ்போர்ட்டரும் நிற்கும் என்று கண் நம்பிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆப்ரம்ஸின் இரண்டு ட்ராக்கும் சேர்ந்து தரையில் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் படுகின்றன. அறுபத்திச் சொச்சம் டன்னைப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். நடந்துபோகும் மனிதனின் பாதம் கொடுக்கும் அழுத்தத்துக்குப் பக்கம். ட்ரெய்லர் டயரோ தன் காற்றழுத்தத்துக்குப் பக்கமாகவே தரையை அழுத்தும். அது டாங்கியின் அழுத்தத்தைப் போல் பல மடங்கு. உழுத வயலில் டாங்கி சிரமமில்லாமல் போகும், டிரான்ஸ்போர்ட்டர் ஆக்சில்வரை புதையும். எனவே டாங்கிதான் ரோட்டோரத்துக்கு வர வேண்டும். வண்டி வயலுக்குப் போகக் கூடாது.

புல்லரும் ட்ரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். கோணலாக நின்றால் டாங்கி ஏறும் வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். பார்க்கிங் பிரேக் போட்டு, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, சாய்தளங்களை இறக்கி, அவற்றின் நுனி தரையில் முழுவதுமாகப் படிகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் கீழே மரக்கட்டை கொடுத்துச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். தளத்தில் இருக்கும் சேறு, எண்ணெய், சல்லி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுங்கள். டாங்கியின் ட்ராக்கில் ஒட்டியிருக்கும் மண்ணையும்.

படி 5: ஓட்டி ஏற்றுதல்

ஒரு டாங்கிக்கு ஒரே ஒரு வழிகாட்டி. நாலு பேர் நாலு பக்கம் கை காட்டினால் ஓட்டுநர் யாரைப் பார்ப்பார்? நம் ஊர்ப் பேருந்தில் கண்டக்டர் 'ஓல்டேன்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். டாங்கி எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது, கைச் சைகைதான். சைகைகளை ஏற்றும் முன்பே இருவரும் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி கண்ணில் படாத அந்த நொடியே டாங்கி நின்றுவிட வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

வழிகாட்டி டாங்கிக்கு நேர் முன்னால் பக்கத்தில் நிற்கக் கூடாது. ட்ரெய்லர் தளத்தில் பின்னோக்கி நடந்துகொண்டு வழிகாட்டுவதும் ஆபத்து. கால் இடறினால் எழுந்திருக்க நேரம் இருக்காது. ஓட்டுநர் முகம் தெரியும் தூரத்தில், தப்பிக்க இடம் உள்ள பக்கமாக நில்லுங்கள். சாய்தளத்துக்கு இருபுறமும் பின்னாலும் ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது.

பீரங்கிக் கோபுரத்தைப் பூட்டியாயிற்றா என்று பாருங்கள். குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நேராக நிற்கும்போது புல்லரின் கேபினுக்கு மேலே பத்திரமாகத் தெரியும் குழாய், வண்டி வளைவில் திரும்பும்போது கேபினை உரசலாம்.

சாய்தளத்துக்கு வெளியிலேயே டாங்கியை நேராக்கிக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு திருப்பக் கூடாது. ட்ராக் வண்டி திரும்புவது என்றால் ஒரு ட்ராக்கைப் பிடித்து மற்றதை ஓட்டுவது. சாய்தளத்தில் அதைச் செய்தால் டாங்கி பக்கவாட்டில் வழுக்கும். கோணல் என்று தெரிந்தால் முழுவதும் கீழே இறங்கி, மறுபடி நேராக்கி ஏற வேண்டும். வெட்கப்பட வேண்டியதில்லை, நல்ல ஓட்டுநர்கள்தான் இறங்கி ஏறுவார்கள்.

சாய்தளம் முடிந்து தளம் தொடங்கும் முனையில் ஒரு கணம் வரும். டாங்கியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே எழும். ஓட்டுநருக்கு மேகத்தைத் தவிர எதுவும் தெரியாது. பாரத்தின் மையம் முனையைத் தாண்டியதும் முழு டாங்கியும் முன்பக்கம் சாயும். வேகமாக வந்தால் படாரென்று விழும். ட்ரெய்லரின் முதுகெலும்பில் இடி விழுந்த மாதிரி. ஊர்ந்து வந்து, அந்த முனையில் ஒரு மூச்சு நிறுத்தி, மெல்லச் சாயவிட வேண்டும்.

ஒரு மழைநாள் நினைவுக்கு வருகிறது. ஒரு கட்டுமான இடத்தில் இருபது டன் செயின் பொக்லைனை லோபெட்டில் ஏற்றினோம். தளத்து இரும்புத் தகடு நனைந்திருந்தது. கூட்டித் துடைக்க ஐந்து நிமிஷம் ஆகும். நேரமாகிறது என்று விட்டுவிட்டோம். எந்திரம் முழுவதும் ஏறி, ஓட்டுநர் கையை எடுத்த பிறகு, யாரும் தொடாமலே அது ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. சத்தம்கூட இல்லை. சோப்புக்கட்டி தட்டில் நகர்வதுபோல ஒரு சாண் நகர்ந்து, ஓரத்துப் பட்டியில் இடித்து நின்றது. கீழே நின்ற கிளீனர் பையன் அப்போதுதான் டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு எழுந்திருந்தான். அன்றிலிருந்து நனைந்த தகட்டில் ஒரு எந்திரத்தையும் நான் ஏறவிட்டதில்லை.

படி 6: ஓடாத டாங்கியை வின்ச் போட்டு ஏற்றுதல்

எம்1070 கேபினுக்குப் பின்னால் கம்பியைச் சுற்றி இழுக்கும் இரண்டு ஹைட்ராலிக் வின்ச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 55,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 25 டன் இழுக்கும். இது போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை மாட்ட வேண்டும்.

சாய்தளம் 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். எடையில் 26 சதவீதம் கீழே இழுக்கும். ட்ராக் உருள்வதற்கான தடை, நல்ல நிலையில் இருந்தால், இன்னும் ஐந்து சதவீதம். மொத்தம் 31 சதவீதம். 62 டன் டாங்கிக்கு 19 டன் இழுவிசை. ஒரு வின்ச் போதும் போலத் தெரிகிறது. ஆனால் ட்ராக்கில் சேறு இறுகியிருந்தாலோ, ஒரு சக்கரம் சிக்கியிருந்தாலோ தடை இரண்டு மூன்று மடங்காகும். அதோடு, டிரம்மில் கம்பி அடுக்கு ஏற ஏற வின்ச்சின் இழுவிசை குறையும். அதற்காகத்தான் இரண்டு. இரண்டையும் பிரித்து மாட்டினால் டாங்கி எந்தப் பக்கம் கோணுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் கூட இழுத்து நேராக்கவும் முடியும். ஒரே வின்ச் உள்ள வண்டியில், கம்பியைக் கப்பி வழியாகத் திருப்பி மாட்டி இழுவிசையை இரட்டிப்பாக்குவார்கள், வேகம் பாதியாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழுதான டாங்கியின் கியர்பாக்ஸ் பூட்டிக்கொண்டிருந்தால் ட்ராக் சுழலாது, இழுத்தால் உழும். முதலில் கியர்பாக்ஸையும் ட்ராக்கையும் சேர்க்கும் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் அந்த டாங்கிக்குப் பிரேக்கே கிடையாது என்பது இரண்டாவது. கம்பி அறுந்தால் அறுபது டன் சாய்தளத்தில் திரும்பி ஓடும். ஏற ஏற ட்ராக்குக்குப் பின்னால் மரக்கட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும், அதுவும் நீண்ட கைப்பிடியால், பக்கவாட்டிலிருந்து.

இறுகிய கம்பியின் நீளம் எவ்வளவோ, அந்த வட்டத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது. அறுந்த கம்பி நேராகப் போகாது, சாட்டையாகச் சுழலும்.

படி 7: எங்கே நிறுத்துவது?

தளத்தில் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறிக்கு ஒரு கை முன்னே பின்னே நின்றால் என்ன என்று தோன்றும். புல்லரோடு இணையும் கிங்பின்னுக்கும் ட்ரெய்லர் ஆக்சில்களின் நடுவுக்கும் ஒன்பது மீட்டர் தூரம் என்று வையுங்கள். 62 டன் டாங்கி 30 சென்டிமீட்டர் முன்னால் நின்றால், இரண்டு டன் பாரம் ட்ரெய்லரிலிருந்து புல்லருக்குத் தாவிவிடும். பின்னால் நின்றால் புல்லரின் பிடி குறைந்து ஏற்றத்தில் சக்கரம் சுழலும். ஒரு அடி தூரம், இரண்டு டன்!

பக்கவாட்டு நடுவும் அவ்வளவே முக்கியம். அகலமான டாங்கி தளத்தின் முழு அகலத்தையும் நிறைப்பதால் இரு பக்க விளிம்பையும் அளந்து பாருங்கள். கண் அளவு ஏமாற்றும்.

படி 8: கட்டுதல்

ராணுவ வண்டியோ லோபெட்டோ, விபத்துகள் பெரும்பாலும் இந்தப் படியில் தூங்கியதால் வருபவை. 'அறுபது டன் எங்கே நகரப்போகிறது, தன் எடையே அதைப் பிடித்து வைக்கும்' என்று சொல்பவர்களிடம் மேலே சொன்ன பொக்லைனைச் சொல்லுங்கள்.

பலமாகப் பிரேக் அடித்தால் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று எடுத்துக்கொண்டுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டும் விதிகளை எழுதியிருக்கிறார்கள். பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீதம். 62 டன்னுக்கு முன்னால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 50 டன். உயர்தர 13 மில்லிமீட்டர் சங்கிலி, அமெரிக்க வழக்கப்படி ஐந்து டன்னுக்குச் சற்று மேல் வேலைப் பாரம், அதாவது பத்திரமாக நம்பக்கூடிய பாரம், தாங்கும். அறுந்துபோவது இருபது டன்னுக்கு மேல் போனால்தான். அமெரிக்கச் சாலை விதி கேட்பது, எல்லாச் சங்கிலிகளின் வேலைப் பாரமும் சேர்ந்து சரக்கின் எடையில் பாதியாவது வர வேண்டும் என்பது. ஆனால் டாங்கியிலிருந்து தளத்துக்கு நேரே போகும் சங்கிலிக்கு அதன் வேலைப் பாரத்தில் பாதியைத்தான் அந்த விதி கணக்கில் சேர்க்கும். 31 டன்னுக்குப் பதின்மூன்று சங்கிலி. அது அடிமட்டக் கணக்கு. சங்கிலி 45 பாகை சரிவாகப் போனால் அதன் பலத்தில் எழுபது சதவீதம்தான் முன்பின் தள்ளலுக்கு எதிராக வேலை செய்யும். நான் பதின்மூன்றுக்குக் குறைய விடமாட்டேன்.

டாங்கியின் உடலில் உள்ள கொக்கிகளிலிருந்து தளத்தின் வளையங்களுக்கு, பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் கட்டுங்கள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று ஜோடி ஜோடியாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டாங்கி அந்தப் பக்கம் இழுபடும். சங்கிலி முறுக்கிக்கொள்ளக் கூடாது. கூர்மையான இரும்பு விளிம்பில் உரசக் கூடாது. சங்கிலியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் திருகு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கட்டும், வழியில் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

ஏன் மறுபடி? டாங்கிக்குச் சொந்தமாக சஸ்பென்ஷன் இருக்கிறது. ட்ரெய்லர் குலுங்கும்போது டாங்கியின் உடல் தன் சக்கரங்கள்மேல் அமுங்கி எழும். ஒவ்வொரு அமுங்கலிலும் சங்கிலி நொடிப்பொழுது தளரும், எழும்பும்போது சுண்டும். கட்டும்போதே டாங்கி கொஞ்சம் அமுங்கும்வரை கீழ்நோக்கி இழுத்து இறுக்கினால் இந்த ஆட்டம் குறையும். டாங்கியின் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, ட்ராக்குக்கு முன்னும் பின்னும் கட்டையும் கொடுத்த பிறகு, கடைசியாக ஒவ்வொரு சங்கிலியையும் கம்பியால் தட்டிக் கேளுங்கள். இறுகியது கணீரென்னும். தளர்ந்தது 'கடக்' என்று செத்த ஒலி தரும்.

படி 9: பயணம்

முதல் நிறுத்தம் இருபது கிலோமீட்டருக்குள். சங்கிலிகள் எல்லாம் ஒருமுறை தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். அதன்பின் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நாற்பத்தெட்டு டயர்களையும் தட்டிப் பாருங்கள். சக்கர மையத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பேரிங் போகிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டுவிடாதீர்கள், தோல் உரியும்.

எம்1070 பாரத்தோடு மணிக்கு 72 கிலோமீட்டர்வரை போகும். போகலாம் என்பதற்காகப் போக வேண்டியதில்லை. இறக்கத்தில்தான் இந்த வண்டி தன் குணத்தைக் காட்டும். ஐந்து சதவீதச் சரிவில் ஐந்து கிலோமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 105 டன் 250 மீட்டர் கீழே வருகிறது. அதில் வெளியாகும் ஆற்றலை வெப்பமாக்கினால் நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கிவிடும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதியை யாராவது தின்றாக வேண்டும். பிரேக் டிரம்களைத் தின்ன விட்டால் பாதி வழியில் புகை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. எனவே இறக்கத்தின் தலையிலேயே நின்று, கீழ் கியரில் போட்டு, எஞ்சின் பிரேக்கையும், டிரம்மைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரையும் முதலில் வேலை வாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதற்கு மேல் போகாதே என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும்.

எம்1070-இன் கேபினில் ஆறு பேர் உட்காரலாம். இரண்டு டிரைவர்கள், டாங்கியின் நான்கு பேர். இது தற்செயல் இல்லை. டாங்கி எங்கே போகிறதோ அங்கே அதன் ஆட்களும் ஓய்வெடுத்தபடி போய்ச் சேர வேண்டும். டாங்கிக்குள் யாரையும் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது. கட்டு விட்டுப்போனால் அவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

படி 10: இறக்குதல்

ஏற்றியதன் தலைகீழ்தான், ஆனால் இரண்டு வித்தியாசம். பயணத்தில் இறுகிக்கிடந்த சங்கிலி அவிழ்க்கும்போது துள்ளும். லீவர் வகை இறுக்கியானால் கைப்பிடி முகத்தில் அடிக்கும். உடலை அதன் பாதையிலிருந்து விலக்கி நின்று அவிழுங்கள். டாங்கியின் பிரேக்கும் கட்டைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கடைசிச் சங்கிலியில் கை வையுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலும் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும். ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது, வழிகாட்டியின் கைதான் அவர் கண். முனையில் மறுபடி அதே சாய்வு வரும், இந்த முறை பின்பக்கமாக. மெல்ல. ட்ராக் முழுவதும் தரைக்கு வந்து, இன்னும் ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்ற பிறகு எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.

பிறகு சாய்தளங்களைத் தூக்கிப் பூட்டி, சஸ்பென்ஷனை ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்து, சங்கிலிகளை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். நீண்டுபோன கண்ணியோ கீறலோ தெரிந்தால் அந்தச் சங்கிலியைப் பெட்டிக்குள் போடாமல் தனியே வையுங்கள். அடுத்த லோடு இரவில் வரலாம். இருட்டில் யாரும் கண்ணி கண்ணியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.